ஏழாவது நீட்டிப்பு

2019ஆம் ஆண்டு ஜனவரி 22, செவ்வாய்க்கிழமை. வானம் துடைத்துவிட்டாற்போல் தெளிந்திருந்தது. வடமேற்கிலிருந்து காற்று வீசியது. விடியலில் குளிர் பூஜ்ஜியத்துக்குக் கீழே ஏழு பாகைக்கு இறங்கியிருந்தது.

இத்தகைய நாள்களில், வெயில் மலைமுகட்டைத் தாண்டிய பிறகே முலாம்பழம் வளரும் பிளாஸ்டிக் குடில்களின் போர்வையை நீக்க வேண்டும். வெயில் சாயும் முன் மறுபடியும் மூட வேண்டும். நட்டு இருபதே நாளான நாற்றுகள் ஒரு மணி நேரப் பனியையும் பொறுக்கமாட்டா. கொரியாவின் சொங்ஜு வட்டாரத்தில் பெரும்பாலோர் இந்த வேலைக்கு மோட்டார் பொருத்திவிட்டனர். பே பான்சு பொருத்தவில்லை. அவனுடைய ஒன்பது குடில்களிலும் போர்வையைக் கயிறு கட்டிக் கையால்தான் இழுக்க வேண்டும். அதற்கு முனைக்கு ஒருவராக இரண்டு பேர் வேண்டும். ஒருவர் முந்திவிட்டால் போர்வை நடுவில் கோணிக்கொள்ளும். கோணிய இடத்தில் பனி புகும். ஏழு குளிர்காலங்களாக ஒரு முனையில் பான்சுவும் மறுமுனையில் அவன் மனைவி தியெமும் நின்று இழுத்து வந்தனர். முதல் குளிர்காலத்தில் பலமுறை கோணியது. தியெம் பலமுறை திட்டு வாங்கினாள். அதன் பிறகு கோணியதே இல்லை.

அன்று அவர்கள் இருவரும் டேகு நகரத்துக்குப் போவதால் மாலை திரும்பத் தாமதமாகலாம். ஆகையால் பான்சுவின் அக்காள் மல்யே, எதிர் வயல்காரரைத் துணைக்கு வைத்துக்கொண்டு நான்கு மணிக்கே மூடத் தொடங்குவது என்று ஏற்பாடு. மல்யேக்கு அறுபத்தாறு வயது, கணவனை இழந்தவள், இரண்டு வீடு தள்ளிக் குடியிருந்தாள். லாரி புறப்படும்போது அவள் கண்ணாடியைத் தட்டி, தம்பியின் பக்கம் குனிந்து, வழக்கமாக ஆண்டுக்கு ஒருமுறை சொல்வதைச் சொன்னாள்.

"அட்டையில ஒரு வருஷத்துக்கே தேதி ஒட்டிட்டு வா. அதுக்கு மேல ஆசை காட்டாத."

தியெம் மறுபக்கம் ஏறி அமர்ந்து, மடியில் பையை வைத்துக்கொண்டாள். அவளுக்குக் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை.

தியெம் வியட்நாமின் தெற்கே, ஆற்றங்கரை ஊர் ஒன்றிலிருந்து வந்தவள். வந்தபோது வயது இருபத்து நான்கு, பான்சுவுக்கு நாற்பத்தைந்து. மணமாகி வந்தவளுக்கு அரசு ஓர் அட்டை கொடுத்தது. அந்த அட்டைக்கு ஓராண்டு ஆயுள். ஒவ்வொரு ஜனவரியிலும் கணவனும் மனைவியுமாக டேகு நகரத்துக் குடிவரவு அலுவலகத்துக்குச் சென்று, சேர்ந்துதான் வாழ்கிறோம் என்பதற்குத் தாள்களைக் காட்டி, கணவன் பொறுப்பேற்புப் பத்திரத்தில் தன் பெயர் முத்திரையை அழுத்தினால், இன்னும் ஓராண்டு கிடைக்கும். இவ்வாறு ஆறு முறை நீட்டித்தாயிற்று. இது ஏழாவது.

ஆனால் சட்டம் அவர்களிடம் ஏழு ஆண்டுகளைக் கேட்கவில்லை. இரண்டு ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்த மனைவி நிரந்தர அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். அது கிடைத்துவிட்டால் கணவனின் முத்திரை அவளுக்குத் தேவையில்லை. இதைத் தியெம் மற்ற வியட்நாமியப் பெண்களிடம் கேட்டு அறிந்து, இரண்டாம் ஆண்டின் முடிவில் பான்சுவிடம் கூறினாள். பான்சு விசாரித்து நேரம் வாங்குவதாகச் சொன்னான். சில நாள் கழித்து, விவசாயிக்கு வரி இல்லாததால் வருமானம் தாளில் ஏறுவதில்லை, தாளில் ஏறாத வருமானத்தை அலுவலகம் ஏற்பதில்லை, ஆகவே நம்மால் முடியாது என்று சொல்லிவிட்டான். முதல் பாதி உண்மை. இரண்டாம் பாதியை அவனே சேர்த்தான். ஐந்து ஆண்டுகளாக அந்தப் பொய் அவனுக்குள் செரிக்காத சோறுபோல் கிடந்தது. இவள் அறிந்தால் போய்விடுவாள் என்ற அச்சம் ஒவ்வொரு ஜனவரியிலும் மேலெழும். அட்டையின் பின்புறம் புதிய தேதி விழுந்ததும் அடங்கும். அடங்கிய கையோடு பெரிய சந்தைக்கு அவளை அழைத்துச் சென்று, மாவு நூடுல்ஸ் சூப்பு இரண்டு கிண்ணம் வாங்குவான். அவள் பச்சை மிளகாயைக் கடித்துக்கொண்டு உண்பாள். அந்த அரை மணி நேரம்தான் ஆண்டு முழுவதிலும் அவன் நிம்மதியாக இருந்த நேரம்.

இந்தப் பொய்யைப் பான்சு தனியாகக் கற்பித்துக்கொள்ளவில்லை. ஊர்மன்றத்தில், அடுப்பைச் சுற்றி அமர்ந்து சீட்டாடும் ஆண்கள் அவனுக்குப் பாடம் சொன்னார்கள். அவ்வூரில் வெளிநாட்டு மனைவியர் ஐவர். மன்றத்தில் இதற்கு ஒரு வழக்கமே ஏற்பட்டிருந்தது: குழந்தை பள்ளிக்கூடம் போகும்வரை நிரந்தர அட்டைக்குப் போகக் கூடாது, குழந்தை இல்லையென்றால் போகவே கூடாது. பான்சுவுக்குக் குழந்தை இல்லை. ஐந்து வருடம் என்று சட்டம் இருந்தால் தேவலை என்றார் ஒருவர். பத்து என்றார் மற்றொருவர். எல்லாருக்கும் மூத்த தால்சு, சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே தீர்ப்பு வழங்கினார்.

"ரெண்டு வருஷம்னு எவன்டா எழுதினான்? முலாம்பழம் போட்ட மண்ணு ஆறவே மூணு வருஷம் ஆகுது. பொண்ணு மனசு ரெண்டு வருஷத்துல ஆறிடுமா?"

அப்போது தட்டில் வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கைக் கொண்டு வந்து வைத்த தால்சுவின் மனைவி, போகிற போக்கில் சொன்னாள்: "நான் இந்த ஆளோட நாற்பத்திரண்டு வருஷமா இருக்கேன். இன்னும் முடிவு பண்ணல."

எல்லாரும் சிரித்தனர். பான்சுவும் சிரித்தான். ஆயினும் அவன் மனத்தில் தங்கியது அந்தச் சிரிப்பு அல்ல. அடுத்த வயல்காரன் சங்பேயின் மனைவி, நிரந்தர அட்டை கைக்கு வந்த பத்தாம் நாள் வீட்டை விட்டுப் போய்விட்டாள் என்று அதே மன்றத்தில் சொல்லப்பட்ட செய்தியே தங்கியது. அது 2014 பிப்ரவரியில் நடந்தது.

டேகுவை அடைந்தபோது மணி ஒன்று. அலுவலகத்தில் கூட்டம் அதிகம். வெப்பமூட்டி அளவுக்கு மீறி எரிந்தது. தியெம் எண் சீட்டை எடுத்துவந்து நாற்காலியில் அமர்ந்தாள். பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து உள்ளே உள்ளவற்றைச் சரிபார்த்தாள். கொரிய மொழி வகுப்பை ஐந்து நிலைகளும் முடித்ததற்கான சான்றிதழ் அதில் இருந்தது. மூன்று ஆண்டுகள், அறுவடை இல்லாத மாதங்களில், எட்டு கிலோமீட்டர் சைக்கிள் மிதித்துச் சென்று பெற்ற சான்றிதழ் அது. ஒவ்வொரு ஜனவரியிலும் எடுத்து வருவாள், யாரும் கேட்பதில்லை, திருப்பி எடுத்துச் செல்வாள். பான்சு அதைப் பார்க்காதவன்போல் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இரண்டு மணிக்குப் பிறகு அவர்கள் எண் வந்தது. வழக்கமாக அமர்ந்திருக்கும் வழுக்கைத் தலை அதிகாரி இல்லை. அவர் தாள்களைப் பார்ப்பார், தேதியை அச்சிடுவார், வாய் திறக்கமாட்டார். அவருடைய இடத்தில் முப்பது வயது மதிக்கத்தக்க பெண் ஒருத்தி அமர்ந்திருந்தாள். அவள் கணினித் திரையை மேலும் கீழும் நகர்த்திப் படித்தாள்.

"அம்மா, ஏழு வருஷமா வருஷா வருஷம் வந்து நீட்டிக்கிறீங்களே. நிரந்தர அட்டைக்கு ஏன் போடல?"

தியெம் மனப்பாடம் செய்த பாடத்தை ஒப்பிப்பவள்போல் பதில் கூறினாள். "நாங்க விவசாயம்ங்க. வருமானம் பேப்பர்ல வராது."

"கூட்டுறவுச் சங்கத்துல பழம் போடுறீங்கல்ல? அவங்க தர்ற விற்பனைச் சான்று போதுமே. உங்களை மாதிரி எத்தனையோ பேர் அப்படித்தான் போடுறாங்க." அதிகாரி மறுபடியும் திரையைப் பார்த்தாள். உதவ வேண்டும் என்னும் நல்லெண்ணத்தைத் தவிர அவள் முகத்தில் வேறொன்றும் இல்லை. "ஏற்கெனவே இதுக்குன்னு ஒரு தடவை நேரம் வாங்கியிருக்கீங்களே. 2014 பிப்ரவரி 18. அன்னைக்குக் காலையிலேயே ரத்து பண்ணியிருக்கு."

"யாரு?" என்றாள் தியெம்.

அதிகாரி, பதிவில் இருந்த தொலைபேசி எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களைப் படித்தாள். அந்த நான்கு இலக்கங்களைத் தியெம் அறிவாள். பான்சுவின் பழப்பெட்டிகளின் பக்கத்தில் பெரிய எழுத்தில் அச்சிடப்பட்டிருப்பவை அவை. மார்ச் முதல் ஆகஸ்ட் வரை, நாள்தோறும் நூறு பெட்டிகளை அவள்தான் மடித்து ஒட்டுகிறாள்.

அவள் கணவனின் பக்கம் திரும்பவில்லை. கண்ணாடித் தடுப்பில் ஒட்டியிருந்த அறிவிப்பைச் சிறிது நேரம் படித்துக்கொண்டிருந்தாள். பான்சு காரணங்களைத் தேடினான். அன்று காய்ச்சல் வந்துவிட்டது என்று சொல்லலாம். லாரி பழுதாகிவிட்டது என்று சொல்லலாம். மறந்துவிட்டது என்றும் சொல்லலாம். மூன்றும் வரிசையாக மனத்தில் வந்து நின்றன. ஆனால் பொய் சொல்வதற்கும் தெம்பு வேண்டும். ஐந்து ஆண்டுகளாக ஒரே பொய்யைத் தாங்கி நின்றவனுக்கு இன்னொன்றைத் தூக்கிவைக்கத் தோளில் வலு இல்லை.

"நான்தான் ரத்து பண்ணேன்," என்றான்.

அதிகாரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். தான் மிதித்தது எதை என்று அவளுக்கு அப்போதுதான் விளங்கியது போலும். குரலைத் தாழ்த்திக்கொண்டு, இன்றைக்கு ஓராண்டு நீட்டிப்பு மட்டும் செய்துவிடட்டுமா என்று கேட்டாள்.

"வேண்டாங்க," என்றாள் தியெம். "அந்த இன்னொண்ணுக்கு என்னென்ன வேணும்னு சொல்லுங்க."

மொழிச் சான்றிதழ் வேண்டும் என்றாள் அதிகாரி. தியெம் உறையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். சங்கத்தின் விற்பனைச் சான்று வேண்டும் என்றாள். தியெம் வெளியே போய்ச் சங்க அலுவலகத்துக்குப் போன் பேசினாள். நாற்பது நிமிடத்தில் அது தொலைநகலில் வந்து சேர்ந்தது. ஐந்து ஆண்டுகளாக முடியாது என்று சொல்லப்பட்டது நாற்பது நிமிடத்தில் முடிந்ததைப் பான்சு நாற்காலியில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியாகப் பொறுப்பேற்புப் பத்திரம் அவன் முன் வைக்கப்பட்டது. உள்பையிலிருந்து முத்திரையை எடுத்தான், சிவப்பு மையில் தொட்டான், அழுத்தினான். முத்திரை சற்று நழுவியதால் பெயர் கலங்கிப்போய் விழுந்தது.

"தெளிவா இல்லீங்க ஐயா. பக்கத்துலயே இன்னொரு தடவை," என்றாள் அதிகாரி.

அவன் தயங்கினான். தியெம் அவன் மணிக்கட்டைப் பிடிக்கவில்லை. பத்திரம் நகராமல் அதன் ஓரத்தை மட்டும் இரு விரலால் அழுத்திக்கொண்டாள். இரண்டாம் முறை பெயர் தெளிவாக விழுந்தது.

முடிவு தெரிய எட்டு மாதம் ஆகும் என்றும், அதுவரை அவள் இங்கிருப்பதற்குத் தடையில்லை என்றும் அதிகாரி சொல்லி, ஒப்புகைச் சீட்டையும் கடவுச்சீட்டையும் நீட்டினாள். பான்சு பழக்கத்தால் கையை நீட்டினான். ஏழு ஆண்டுகளாகக் கடவுச்சீட்டு அவனுடைய மேசை இழுப்பறையில்தான் இருந்தது. காணாமல் போய்விடக் கூடாதே என்று அவன் சொல்வது வழக்கம். தியெம் அதை வாங்கித் தன் பையில் போட்டு மூடினாள்.

சந்தைக்குப் போகும் திருப்பத்தில் பான்சு வண்டியின் வேகத்தைக் குறைத்தான். அவள் நேரே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் திருப்பவில்லை. நகரத்தைத் தாண்டி ஆற்றுப்பாலம் வந்தது. பாலத்தின் மேல் காற்று லாரியை ஒரு பக்கமாகத் தள்ளியபோது அவள் கேட்டாள்.

"எதுக்கு?"

அவன் சொன்னான். ஒளிக்க ஒன்றும் மீதியில்லை. 2014 பிப்ரவரி 18 அன்று காலை, ஊர்த் தலைவர் எழுதித் தந்த விவசாயச் சான்றை வாங்கிக்கொண்டு மன்றத்தின் வழியே வந்ததையும், சங்பேயின் மனைவி போய்விட்டாள் என்று அங்கே பேசிக்கொண்டிருந்ததையும், மூன்றாம் குடிலின் பின்னால் நின்று போனில் ரத்து செய்ததையும், வீட்டுக்கு வந்தபோது நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு தயாராக நின்றவளிடம், அலுவலகமே முடியாது என்றுவிட்டது என்று கூறியதையும் சொன்னான். அந்தச் சான்று இன்னும் தன்னிடம் இருக்கிறது என்றும் சொன்னான். பயந்துவிட்டேன் என்று முடித்தான்.

தியெம் வெளியே பார்த்தாள். இருபுறமும் வெள்ளைக் குடில்கள் வரிசை வரிசையாக ஓடின. சிலவற்றின் மீது மோட்டார்கள் அதற்குள் போர்வையை இழுத்து மூடிக்கொண்டிருந்தன.

"சங்பே வீட்டுக்காரி அட்டை வந்ததால ஓடல," என்றாள். "அட்டை வர்ற வரைக்கும் அடி வாங்கிக்கிட்டு இருந்தா. உங்க வயலும் அவங்க வயலும் ஒட்டித்தானே இருக்கு. உங்க காதுலயும் விழுந்திருக்கும்."

விழுந்திருந்தது.

"ரெண்டு வருஷம் பத்தாதுன்னு மன்றத்துல பேசிக்கிறீங்களே, அவளுக்கு அந்த ரெண்டு வருஷம் எவ்வளவு நீளம்னு ஒருத்தராவது கேட்டீங்களா?"

குரல் உயராமலே அவள் தொடர்ந்தாள். மூன்று வருடங்களுக்கு முன், இதே ஜனவரியில், அவள் தந்தை இறந்த செய்தி வந்தபோது அட்டை முடியப் பதினொரு நாள் இருந்தது. போய்விட்டுத் திரும்ப ஏதாவது தடங்கல் வந்தால் அட்டை செத்துப்போகும். மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். "நீங்க போகாதேன்னு சொல்லல. அதை நான் எல்லார்கிட்டயும் பெருமையாச் சொன்னேன், என் வீட்டுக்காரர் போகாதேன்னு ஒரு வார்த்தை சொல்லலன்னு. தேதி முடியுதேன்னு மட்டும் சொன்னீங்க. நானும் ஆமான்னு இருந்துட்டேன்."

அந்த நாள் பான்சுவுக்கு நன்றாக நினைவிருந்தது. அவள் போகவில்லை என்று முடிவானதும் தனக்குள் ஏற்பட்ட நிம்மதியும் நினைவிருந்தது. அதை மட்டும் அவனால் சொல்ல முடியவில்லை. அவள் கேட்கவும் இல்லை. மன்னித்துவிடு என்று சொல்ல வாயெடுத்தான். அந்தச் சொல் இவ்வளவு பெரிய ஓட்டைக்குச் சிறிய அடைப்பாகத் தோன்றவே, வாயை மூடிக்கொண்டு வண்டியை ஓட்டினான்.

வயலை அடைந்தபோது மணி நான்கு ஐம்பது. வெயில் மலைமுகட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. மல்யே களைத்துப்போய், தலைத்துணியை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றாள். எதிர் வயல்காரருக்கு மாடு ஈனும் வேளை வந்துவிட்டதால் அவர் பாதியிலேயே போய்விட்டார். ஐந்து குடில்கள் மூடியிருந்தன, நான்கு மீதமிருந்தன. மூடியவற்றில் இரண்டு கோணியிருந்தன.

"ஒட்டியாச்சா?" என்று மல்யே தம்பியிடம் கேட்டாள்.

பான்சு வாய் திறக்கும் முன் தியெம் பதில் சொன்னாள். "இல்ல அண்ணி. இனிமே ஒட்டவே வேண்டாம். நிரந்தரத்துக்கே எழுதிக் கொடுத்துட்டு வந்துட்டோம்."

மல்யே தம்பியை முறைத்தாள். "புத்தி கெட்டுப்போச்சாடா உனக்கு? கார்டு கைக்கு வந்தா காலுக்கு இறக்கை முளைச்சிடும்டா."

"முளைச்சா முளைக்கட்டும்கா," என்றான் பான்சு. "ஏழு வருஷமா நான்தான் வெட்டிக்கிட்டு இருந்தேன்."

மல்யே தம்பியின் முகத்தைப் பார்த்தாள். பிறகு கோணிய இரண்டு குடில்களையும் சரிசெய்யப் போனாள்.

தியெம் நல்ல கோட்டைக் கழற்றி லாரிக்குள் வைத்துவிட்டு, வயல் சட்டையையும் கையுறைகளையும் போட்டுக்கொண்டாள். பையை இருக்கையில் விடவில்லை. தோளில் குறுக்கே மாட்டிக்கொண்டாள். ஆறாம் குடிலின் மறுமுனைக்கு நடக்கத் தொடங்கியவள், சில அடி சென்று நின்றாள்.

"அட்டை வர எட்டு மாசம் ஆகும்னாங்க," என்றாள். "வந்த நாள்ல இருந்து உங்களுக்கு ஒரு வருஷம். அது முடியும்போது நீட்டிக்கிறதா வேண்டாமான்னு நான் பார்க்கிறேன்."

பான்சு கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றான். இதற்கு முன் எத்தனையோ முறை அவன் கற்பனை செய்திருந்த முடிவுகளில், பேருந்து நிலையம் இருந்தது, வெறிச்சோடிய அறை இருந்தது, மன்றத்தில் தால்சுவின் தலையசைப்பு இருந்தது, இது இருக்கவில்லை. அவனுக்கு நிம்மதி வரவில்லை. ஆனால் அச்சமும், தேடிப் பார்த்தால், பழைய இடத்தில் இல்லை. களைப்பு மட்டும் இருந்தது.

"என்ன பேப்பர் கொண்டு வரணும்?" என்று கேட்டான்.

அவள் சிரிக்கவில்லை, கேள்வியை நியாயமான கேள்வியாகவே எடுத்துக்கொண்டு யோசித்தாள்.

"முதல்ல ஊர்த் தலைவர் எழுதிக் கொடுத்த அந்தச் சான்று. எங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்கன்னும் சொல்லணும். மத்ததை அப்புறம் சொல்றேன்."

"சரி."

"வெயில் போகுது. இழுங்க."

அவள் எழுபது மீட்டர் நடந்து தன் முனைக்குப் போனாள். அந்தத் தொலைவிலிருந்து முகம் தெரியாது. உயர்த்திய கை மட்டும் தெரியும். கை உயர்ந்ததும் அவன் இழுத்தான். ஆறாம் குடில் மூடியது, ஏழாவது மூடியது, எட்டாவது மூடும்போது காற்று ஒருமுறை போர்வையைத் தூக்கிப் பார்த்தது, இருவரும் ஒரே நேரத்தில் நின்று, அது படிந்ததும் ஒரே நேரத்தில் தொடர்ந்தனர். வெயில் முகட்டின் பின்னால் இறங்கிவிட்டது. ஒன்பதாவது குடிலின் போர்வை, கோணாமல், மாலை ஐந்து மணி இருபத்திரண்டு நிமிடத்துக்கு மூடியது.